பெருசா எடுத்துக்காதீங்க

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை ஏமாற்றுவது நடக்காத காரியம். கண் பரிசோதிக்கும் அந்தச் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்து, எதிர்ச்சுவர் எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பித்தவர்களை எல்லாம் அவள் பார்த்தாயிற்று. ஓட்டுநர் உரிமத்துக்காகப் பொய் சொன்னவர் உண்டு. தோழி போட்டிருக்கிறாள், தனக்கும் கண்ணாடி வேண்டும் என்று பொய் சொன்ன பள்ளிக்கூடப் பெண் உண்டு. கூட வந்த மனைவி பார்க்கிறாளே என்று, தெரியாத எழுத்தையெல்லாம் தெரிகிறது என்று சாதித்தவரும் உண்டு. அவள் யாரிடமும் கோபப்படுவதில்லை. லென்ஸை மாற்றி "இப்ப?" என்பாள். இன்னொன்றை மாற்றி மறுபடியும் "இப்ப?" என்பாள். கடைசியில் எழுந்து நின்று, "வலது ஒண்ணே முக்கால், இடது ஒண்ணரை" என்று சொன்னால் சொன்னதுதான். அவள் சொன்ன எண்ணை நம்பாமல் வேறு கடைக்குப் போய், அங்கேயும் அதே எண்ணைக் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்து ஃபிரேம் தேடியவர்கள் எத்தனையோ பேர்.

இப்படிப்பட்ட மகராசி வலைப்பதிவு எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பணிவு வருமோ தெரியாது. அவளுடைய பதிவின் பெயர் 'மைனஸ் ரெண்டரை'. அது அவளுடைய சொந்தக் கண்ணின் பவர். படிக்கிறவர்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட, எல்லோரும் மைனஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

மைனஸ் அக்கா எழுதியது கடைக்கு வருகிற மனிதர்களைப் பற்றி. நன்றாக எழுதினாள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பதிவர்கள் வட்டத்தில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. யாராவது பாராட்டினால் உடனே கையை உதறிவிட வேண்டும். 'ஐயோ, நானெல்லாம் ஒரு ஆளா' என்று ஒருவர் எழுதினால், பாராட்டியவர் வந்து 'உங்கள் தன்னடக்கம் இருக்கே' என்று இன்னொரு தடவை பாராட்டுவார். அதையும் மறுக்க வேண்டும். யார் அதிகமாகக் குனிகிறார் என்பதில் அங்கே ஒரு போட்டியே நடந்தது. எல்லோருக்கும் அது விளையாட்டு என்று தெரியும், இருந்தாலும் ஒருவரும் விளையாட்டை நிறுத்தமாட்டார்கள்.

ஒரே ஒருவர் நிறுத்திப் பார்த்தார். 'கிழக்கு ஜன்னல்' என்ற பெயரில் எழுதிய ஒரு அம்மா. யாரோ 'பிரமாதம்' என்று போட்டதற்கு, 'ஆமாம், எனக்கும் இது பிடித்திருக்கிறது, நன்றி' என்று பதில் எழுதிவிட்டார். அவ்வளவுதான். தலைக்கனம் என்றார்கள், ஜன்னல் ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்றார்கள், மூன்று மாதம் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அந்த அம்மா எழுதுவதையே விட்டுவிட்டார். அந்தக் கேலியில் மைனஸ் அக்காவும் இரண்டு வரி போட்டிருந்தாள். சும்மா, கூட்டத்தோடு கூட்டமாக.

அதனால் அவள் பாதுகாப்பாக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். போனில் 'ஐஐ' என்று இரண்டு எழுத்து அடித்தால் போதும், முழு வாக்கியமும் தானாக விரிந்து வந்து நிற்கும்: 'ஐயோ, நீங்க வேற! நான் சும்மா பொழுது போகாம கிறுக்கறேன், பெருசா எடுத்துக்காதீங்க.' கூடவே ஒரு சிரிக்கிற முகம். லிப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, பட்டனை அமுக்கினால் வந்து நிற்கிற பணிவை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவள் முறைத்தாள். ஆனால் பட்டனை எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. எல்லோருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டி ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர்கள், நிறையப் பேர் படிக்கிற பதிவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு நட்சத்திரம் வைத்து, கீழே 'பிரபலம்' என்று போடுவார்கள். 'மூணு தடவை வந்தவர்' என்று மைனஸ் அக்கா எழுதிய பதிவு அந்த வாரம் எங்கெங்கோ சுற்றியது. ஒரே வருஷத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்ற வந்த ஒருவரின் கதை அது. எந்தக் கண்ணாடி போட்டாலும் மங்கல், சாயங்காலம் விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் கலர் கலராக வளையம், நடந்தால் இடது பக்கம் இருக்கிற கதவில் போய் மோதுவார். மூன்றாம் தடவை அவள் கண்ணாடி கொடுக்க மறுத்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம் என்று டாக்டரிடம் விரட்டினாள். அப்படித்தான் இருந்தது. அந்த மனிதர் அவளோடு போட்ட சண்டையைத்தான் அவள் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதியிருந்தாள்.

நட்சத்திரம் வந்த திங்கட்கிழமை, பதிவின் கீழே அறுபத்து மூன்று பின்னூட்டங்கள். கடையிலோ கூட்டம். ஒருவருக்கு பவர் பார்த்து அனுப்பிவிட்டு இன்னொருவர் வருவதற்குள் போனை எடுத்து ஐஐ, ஐஐ, ஐஐ என்று தட்டிக்கொண்டே போனாள். முதல் பத்தைப் படித்தாள். அப்புறம் படிக்கவில்லை. எல்லாம் பாராட்டுதானே, என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது. நட்சத்திரம் கிடைத்தவர்கள், தகுதியில்லை எடுத்துவிடுங்கள் என்று திரட்டிக்கு ஒரு கடிதம் எழுதுவதும் சம்பிரதாயம்தான். அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்ததே. அந்தக் கடிதத்தையும் மைனஸ் அக்கா பாதி எழுதி வைத்திருந்தாள்.

பதினொரு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது புதிதாக ஒரு பின்னூட்டம் வந்தது. 'மூணாவது மாடி' என்கிற பெயர். 'அக்கா, நீங்க பெருசா எடுத்துக்க வேண்டாம்னு சொன்னதை அப்பாகிட்ட காட்டினேன். நேத்து டாக்டர்கிட்ட போக வேண்டிய நாள். அவர் வேண்டாம்னு கேன்சல் பண்ணச் சொல்லிட்டார். பண்ணிட்டேன். சரிதானே அக்கா?'

எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னோம்? அவள் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். நாற்பத்து ஒன்றாவது இடத்தில் இருந்தது. 'அக்கா, நீங்க எழுதினவர் அப்படியே எங்க அப்பா. மூணு கண்ணாடி மாத்தியாச்சு. தெருவிளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுங்கறார். இடது பக்கம் யாராவது வந்தா மோதறார். வயசாயிடுச்சுன்னு நாங்க விட்டுட்டோம். உங்க பதிவைப் படிச்சதும் அடுத்த வியாழக்கிழமைக்கு கண் டாக்டர்கிட்ட பதிவு பண்ணிட்டேன். நீங்க பெரிய ஆள் அக்கா.' அதன் கீழே அவளுடைய பதில், சிரிக்கிற முகத்தோடு: 'ஐயோ, நீங்க வேற! நான் சும்மா பொழுது போகாம கிறுக்கறேன், பெருசா எடுத்துக்காதீங்க.'

அடிப்பாவி, என்று அவள் தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். டப்பாவை மூடி வைத்தாள். கண்ணுக்குள் ஏறிய அழுத்தம் நின்று நிதானமாகப் பார்வையைத் தின்னும், தின்றதைத் திருப்பித் தராது என்பது அவளுக்குத் தெரிகிற அளவுக்கு அந்த வட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அப்படித் தெரிந்தவள்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாள்.

மெயிலில் எண் வாங்கிப் போன் செய்தாள். எடுத்தது மகள். மூன்றாவது மாடி என்பது அவர்கள் குடியிருக்கிற வீடு. ஊர் நாலு மணி நேரத் தொலைவு, இல்லையென்றால் மைனஸ் அக்கா அப்போதே கிளம்பி, அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். டாக்டரிடம் மறுபடியும் பதிவு செய்யுங்கள், இன்றைக்கே செய்யுங்கள், அது நான் யோசிக்காமல் போட்ட பதில் என்று படபடவென்று சொன்னாள்.

"செஞ்சிடுவேன் அக்கா. அவர் வரணுமே. முப்பத்தாறு வருஷம் பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்தினவர். எழுத்துல இருந்தாதான் அவருக்கு அது பேச்சு. டாக்டர்னா ஏற்கெனவே பயம் வேற."

"ஃபோனை அவர்கிட்ட குடும்மா."

அவர் வாங்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "எழுதினதை வாயால மாத்த முடியாதுன்னு சொல்லு. தப்பு எங்க வந்துச்சோ அங்கேயே திருத்தம் வரணும். அதே அளவு எழுத்துல வரணும். வந்தா நான் வரேன்."

மைனஸ் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண் போகிற நேரத்தில் இந்த மனிதர் சட்டம் பேசுகிறாரே என்று. போனை வைத்த பிறகு கோபம் தன் பக்கம் திரும்பியது. பயந்த மனிதருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். அந்தச் சாக்கைச் சிரிக்கிற முகத்தோடு கையில் கொடுத்தது யார்?

சரி, திருத்தம்தானே, போட்டுவிடலாம் என்று எழுத உட்கார்ந்தாள். இரண்டு பேர் பவர் பார்க்க வந்தார்கள், கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாள். எழுதி முடித்து, இது போதுமா என்று முதலில் மகளுக்கு அனுப்பினாள். மகள் அதை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அரை மணியில் அந்தத் தாள் படமாகத் திரும்பி வந்தது. பிழை என்று எதையும் அவர் திருத்தவில்லை. மூன்று இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு மட்டும். 'ஏதோ பதினேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்' என்பதில் 'ஏதோ'வின் கீழே ஒன்று. 'எனக்குத் தெரிந்த அளவில்' என்பதன் கீழே ஒன்று. 'தவறாக இருந்தால் மன்னிக்கவும்' என்பதன் கீழே ஒன்று. ஓரத்தில், அச்சகத்துக்காரர்கள் எழுதியவரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு கேள்வி: 'தெரியுமா, தெரியாதா?'

அவள் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தலாக அவர் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவர் கேட்டது. அவருடைய கண் அந்தப் பதிலை நம்பி இருந்தது.

அதற்குள் 'தூக்கக்கலக்கம்' கூப்பிட்டார். பதிவர் வட்டத்தில் அவளுக்கு நெருக்கமான நண்பர், தொழில் மருந்துக்கடை. விஷயத்தை அவளே அவருக்கு எழுதியிருந்தாள். அவர் முதலில் நல்லவிதமாகத்தான் சொன்னார். அந்தப் பெரியவருக்குத் தனியாக ஒரு மெயில் போட்டால் போதாதா, எதற்கு ஊரறிய எழுத வேண்டும், இப்போதுதான் நட்சத்திரம் வந்திருக்கிறது, அதோடு எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினால் என்ன பேசுவார்கள் என்று.

"கிழக்கு ஜன்னலை மறந்துட்டீங்களா?" என்றார்.

"மறக்கல. அதுல நானும் ரெண்டு வரி போட்டேன், நீங்களும் போட்டீங்க."

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார், அவள் விடவில்லை.

"அறுபத்து மூணு பேருக்கு அதே பதிலைப் போட்டிருக்கேன். நாப்பத்தொண்ணாவது ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மீதி அறுபத்து ரெண்டுல யார் எதைக் கேன்சல் பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. என்னைத் திமிர் பிடிச்சவள்னு சொல்லட்டும். சொல்றவங்க கண்ணு நல்லா இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, காத்திருந்த இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். முதல் ஆளுக்குப் பார்த்து முடித்து எழுந்து, "வலது ரெண்டு, இடது ரெண்டே கால்" என்றாள். அந்த ஆள், அவ்வளவா, ஒருவேளை குறைவாக இருக்குமோ என்று இழுத்தார். இல்லை, இவ்வளவுதான் என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்த அறைக்குள் ஒரு நாளாவது 'ஏதோ ரெண்டு' என்று சொல்லியிருக்கிறாளா? 'எனக்குத் தெரிந்த அளவில் ரெண்டே கால்' என்று சொன்னால் இந்த ஆள் கண்ணாடி வாங்குவாரா? இந்தக் குரல்தான் அவளுடைய குரல். அங்கே எழுதிக்கொண்டிருந்த குரல் எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொண்ட வேஷம்.

இரண்டாவது ஆளையும் பார்த்து அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினாள். தனிப் பதிவாகப் போடவில்லை. 'மூணு தடவை வந்தவர்' பதிவின் தலையிலேயே, அதே அளவு எழுத்தில் போட்டாள்.

'திருத்தம். பதினொரு நாளுக்கு முன்னால் இந்தப் பதிவைப் பாராட்டிய அறுபத்து மூன்று பேருக்கு, நான் சும்மா கிறுக்குகிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பதில் எழுதினேன். அது தவறு. நான் கிறுக்குவதில்லை. பதினேழு வருஷமாகக் கண் பார்க்கிறேன், பார்த்ததை எழுதுகிறேன், நன்றாக எழுதுகிறேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், பக்கத்தில் வருகிறவர் தெரியாமல் மோதினால், கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் மங்கல் போகாவிட்டால், என்னைப் போன்றவர்களின் கடைக்கு வராதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே போங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள் என்பதற்குத்தான் அது அடையாளம், எனக்குக் கண்ணைப் பற்றித் தெரியும் என்பதற்கு அல்ல. எனக்குத் தெரியும் என்பதை நானே சொல்கிறேன். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.'

வெளியிட்டாள். அதோடு விடவில்லை. அறுபத்து மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொரு பின்னூட்டத்தையும் இந்தத் தடவை படித்து, கையால் பதில் எழுதினாள். பாதிக்கு மேல் 'அருமை', 'சூப்பர்' ரகம்தான். ஆனால் ஒரு தாய், கண்ணாடி போட வெட்கப்பட்டு வகுப்பில் கரும்பலகை தெரியாமலே உட்கார்ந்திருந்த மகள் இதைப் படித்துச் சிரித்துவிட்டுத் தானே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தார். அதற்கும் ஐஐதான் போயிருந்தது. மைனஸ் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரட்டிக்குப் பாதி எழுதி வைத்திருந்த கடிதத்தையும், போனில் இருந்த அந்த இரண்டெழுத்து ஏற்பாட்டையும் அழித்தாள். கடைசியாகக் கிழக்கு ஜன்னலின் பழைய பதிவுக்குப் போய், 'நீங்கள் அன்றைக்குச் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் சிரித்ததுதான் தப்பு' என்று எழுதினாள். அந்த அம்மா அதைப் பார்ப்பாரோ மாட்டாரோ, எழுத வேண்டியது எழுதியாயிற்று.

பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. நட்சத்திரம் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒருவர். 'நானே சொல்கிறேன்' என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இன்னொருவர் ஒரு முழுப் பதிவே போட்டார். தூக்கக்கலக்கம் அதன் கீழே போய், என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேரை இந்தத் திருத்தத்தைக் காட்டித்தான் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதிவிட்டு வந்தார். அவர் அப்படிப் பேசுவார் என்று மைனஸ் அக்காவே எதிர்பார்க்கவில்லை.

அவள் எதிர்பார்த்தது வேறொரு ஆளை. இந்தப் பேச்செல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே, மறுநாள் சனிக்கிழமை காலை கடை திறக்கும்போது அவருடைய பின்னூட்டம் வந்திருந்தது. பெயர் இல்லை, 'பிழை திருத்துநர், ஓய்வு' என்று மட்டும் இருந்தது. 'திருத்தம் பார்வையிடப்பட்டது. சரி. திங்கள் காலை பத்து மணிக்குப் போகிறேன்.'

திங்கள் முழுவதும் அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு மகள் கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. இரண்டு கண்ணிலும் அழுத்தம். இடது கண்ணின் ஓரப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது, அது வராது. மீதியைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்து இன்றைக்கே ஆரம்பம் என்றாராம் டாக்டர். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தெருவைத் தனியாகக் கடக்க முடியாமல் போயிருக்கும் என்றும் சொன்னாராம். மைனஸ் அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். போன பகுதிக்காக வருத்தமும், மிச்சத்துக்காக நிம்மதியும் ஒன்றாக வந்தன.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் பின்னூட்டத்தில் மறுபடியும் வந்தார். முழுப் பதிவையும், முன்னால் எழுதிய நாற்பது பதிவுகளையும் மகள் அச்செடுத்துக் கொடுக்க, பெரிய எழுத்தில் படித்து முடித்திருந்தாராம். இந்தத் தடவை இரண்டே சொல்: 'நல்ல எழுத்து.' கூடவே மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அக்கா, முப்பத்தாறு வருஷத்தில் அப்பா இதை யாருக்கும் எழுதினதில்லை.

அறைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். பழக்க தோஷம், அவள் விரல் தானாகப் போய் ஐஐ என்று தட்டிவிட்டது. ஒன்றும் விரியவில்லை. இரண்டு எழுத்தும் அங்கேயே அநாதையாக நின்றன. அவள் அவற்றை அழித்தாள்.

'ஆமாம் ஐயா. எனக்கும் தெரியும். நன்றி' என்று எழுதி அனுப்பினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்து, "அடுத்தவங்க உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.